பிரிட்ஜ் கதவில் இருந்த டப்பா

போன பதிவில் பாகூர் ஏரி நிரம்பியதைப் பற்றி எழுதிவிட்டு, அடுத்தது நம் பக்கத்துப் பழைய நெல் வகைகள் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். நெல் கொஞ்சம் பொறுக்கட்டும். ஐப்பசியிலிருந்து ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதை இறக்கி வைத்தால்தான் மற்றதில் கை ஓடும்.

எனக்குச் சர்க்கரை வந்து 19 வருடம் ஆகிறது. அதில் கடைசி 8 வருடமாக இன்சுலின். எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் கதவில், முட்டை வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில், அதற்கென்று ஓர் இடம் உண்டு. "இட்லி மாவு வைக்க இடமில்லை, இதுல உங்க மருந்துக்கடை வேற" என்று வீட்டுக்காரம்மா முணுமுணுத்தாலும் அந்த இடத்தில் கை வைக்க மாட்டாள். அடைமழை பெய்த ஒரு காலையில் நான் கதவைத் திறந்தபோது என் இன்சுலினுக்குப் பின்னால் இன்னொரு டப்பா இருந்தது. உள்ளே சுண்டுவிரல் உயரத்தில் மூன்று கண்ணாடிக் குப்பிகள். ரப்பர் மூடி. அடியில் வெள்ளைப் பொடி, சுண்ணாம்புக் கட்டி மாதிரி இறுகி இருந்தது. லேபிளில் தயாரித்தவர் முகவரி இல்லை, லைசென்ஸ் எண் இல்லை, விலை இல்லை. ஏதோ சீன எழுத்து, அதற்குக் கீழே ஆங்கிலத்தில் 10 ஐ.யு. என்று மட்டும்.

33 வருடம் அரசு சுகாதார நிலையங்களில் மருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். ஆர்டரில் மருந்தாளுநர் என்று இருக்கும், ஜனங்களுக்குக் கம்பவுண்டர். விலையும் லைசென்ஸ் எண்ணும் இல்லாத குப்பியைப் பார்த்தால் இன்னமும் எனக்குக் கை நடுங்கும்.

யாருடையது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் வீட்டுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகப் பிரிட்ஜுக்குப் போகிறவன் ஒருவன்தான். என் மைத்துனர் மகன். பெயர் வேண்டாம், தம்பி என்றே வைத்துக்கொள்வோம். வயது 24. பக்கத்துத் தெருவில் வீடு, கம்பெனியில் ஷிப்ட் வேலை, வேலை விட்டால் ஜிம். கிருமாம்பாக்கத்திலிருந்து கடலூர் ரோட்டில் எந்தப் பக்கம் போனாலும் இப்போது ஜிம் பேனர் கண்ணில் படாமல் இருக்காது. நாங்கள் சின்ன வயதில் ஏரிக்கரையில் கர்லாக் கட்டை சுற்றியதும் தண்டால், பஸ்கி எடுத்ததும் உடம்புக்குத்தான். அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பையன் குடிக்கவில்லை, புதுச்சேரியில் பிறந்து 24 வயதில் குடிக்காமல் இருக்கிறானே என்று நானே பத்துப் பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி.

ஆடி மாதத்தில் ஒரு நாள், நான் சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது தம்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இன்னா மாமா, வலிக்காதா?"

"எறும்பு கடி அளவுதான்டா."

"எப்படிப் போடணும், சொல்லிக் குடுங்க. உங்களுக்கு முடியலன்னா நான் வந்து போடுவேன் இல்ல."

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. சொந்த மகன்கள் இருவரும் வெளியூரில். இந்தப் பிள்ளையாவது கேட்கிறானே என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல்கடை விடணும், தோலைக் கிள்ளிப் பிடிக்கணும், நேற்றுப் போட்ட இடத்தில் இன்று போடக்கூடாது, குப்பிக்குள் காற்றை ஏற்றிவிட்டு மருந்தை இழுக்கணும். எல்லாம். போகும்போது, "பழகிப் பார்க்கிறேன் மாமா" என்று பத்து சிரிஞ்சு கேட்டான். கொடுத்தேன். எதில் பழகப் போகிறாய் என்று கேட்கத் தோன்றவில்லை. மருந்துச்சீட்டில் ஒரு சுழி தப்பினால் டாக்டரிடம் போய் நிற்கிற ஆள் நான். அன்று அந்தப் புத்தி எங்கே போனது என்று தெரியவில்லை.

டப்பாவை மேஜை மேல் வைத்துக்கொண்டு சாயந்திரம் அவனைக் கூப்பிட்டேன். பொய் சொல்லவில்லை. "ஜி.எச். மாமா. ஸ்டீராய்டு இல்ல, சத்தியமா. இது நம்ம உடம்புலயே ஊறுறதுதான். நேச்சுரல்." வீட்டில் வைத்தால் அம்மா கேட்பாள் என்பதால் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறான். மாதச் சம்பளத்தில் பாதி இதற்குப் போகிறது.

ஜி.எச். என்றால் வளர்ச்சி ஹார்மோன். அவன் சொன்னது பாதி உண்மை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது, அங்கே ஊறுவதுதான். வளரும் பிள்ளைகளுக்கு அதிகம், வயது ஏற ஏறக் குறையும். நாள் முழுக்க ஒரே சீராக ஊறாது. விட்டுவிட்டு ஊறும், அதுவும் முன்னிரவில் ஆழ்ந்து தூங்கும் நேரத்தில்தான் பெரிய ஊற்று. தூங்குகிற பிள்ளைதான் வளரும் என்று நம் பாட்டிகள் சொன்னது வெறும் பேச்சில்லை. அந்த ஹார்மோன் கல்லீரலுக்குப் போய் ஐ.ஜி.எஃப்.-1 என்ற இன்னொரு பொருளைச் சுரக்க வைக்கிறது. உடம்பின் அணுக்களிடம் "பெருகு" என்று சொல்வது அதுதான். அதோடு இன்னொரு வேலையும் செய்கிறது. கெட்டுப்போன அணு தானாகச் செத்து விழுவதற்கு உடம்பில் ஓர் ஏற்பாடு உண்டு. "இப்போது சாகாதே" என்று அதற்குக் குறுக்கே நிற்பதும் இதே ஐ.ஜி.எஃப்.-1.

தம்பிக்கு இதை விளங்க வைக்க எனக்கு யூரியாதான் கிடைத்தது. வயலில் யூரியா போட்டால் நெல் மட்டுமா எடுக்கிறது? கோரையும் எடுக்கிறது. யூரியா கோரையை விதைப்பதில்லை. ஏற்கெனவே மண்ணுக்குள் ஒரு கிழங்கு கிடந்தால் அதையும் சேர்த்துக் கொழுக்க வைக்கிறது. 24 வயசு உடம்பிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோணிப்போன அணு இருக்கும். உடம்பு அதைக் களைந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் போய் மேலுரம் போடுகிறாய், அவ்வளவுதான் என்றேன்.

"ப்ரூஃப் இருக்கா மாமா?" என்றான். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பதும் நியாயம்தான்.

நேர்மையாகச் சொன்னேன். ஜிம்முக்குப் போகிற ஆயிரம் பேருக்கு இதைப் போட்டு, இன்னொரு ஆயிரம் பேருக்குப் போடாமல், இருபது வருடம் காத்திருந்து யாருக்குப் புற்று வருகிறது என்று பார்க்க எந்த மருத்துவர் சம்மதிப்பார்? அப்படிப்பட்ட ஆய்வைக் கேட்டால் என்னிடம் இல்லை. ஆனால் இயற்கையே இரண்டு பக்கமும் காட்டி வைத்திருக்கிறது.

ஒரு பக்கம், பிட்யூட்டரியில் சிறு கட்டி வந்து இந்த ஹார்மோன் வருடக்கணக்கில் அளவுக்கு மீறி ஊறும் நோயாளிகள். அக்ரோமெகலி என்று பெயர். கையும் காலும் பெருக்கும், தாடை நீளும், பல்லுக்கு நடுவே இடைவெளி விழும், நாக்கு தடிக்கும், மோதிரமும் செருப்பும் பற்றாமல் போகும். சர்க்கரை வரும், இதயம் வீங்கும். அவர்களுக்குப் பெருங்குடலில் பாலிப் என்ற சதை முளைகள் மற்றவர்களைவிட அதிகம். நாளடைவில் புற்றாக மாறக்கூடிய வகையும் அதில் உண்டு. அதனால்தான் அந்த நோய் என்று தெரிந்ததுமே கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்த்துவிடச் சொல்கிறார்கள். கழுத்துத் தைராய்டிலும் கட்டிகள் வருகின்றன.

மறுபக்கம், தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டின் தெற்கு மலைக் கிராமங்களில் சில குடும்பங்கள். ஹார்மோன் ஊறினாலும் அதை உடம்பு ஏற்றுக்கொள்ளாத ஒரு பிறவிக் குறை. லாரான் குறைபாடு என்கிறார்கள். மூன்றரை, நாலு அடிக்கு மேல் பெரும்பாலும் வளர மாட்டார்கள். அங்குள்ள ஹைமே குவேவரா-அகிர்ரே என்ற மருத்துவர் 99 பேரை 22 வருடம் தொடர்ந்து கவனித்து, வால்ட்டர் லாங்கோ என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 2011ல் வெளியிட்டார். அத்தனை பேரில் புற்றுநோய் ஒரே ஒருவருக்கு, அதுவும் உயிரை எடுக்கவில்லை. சர்க்கரை ஒருவருக்குக்கூட இல்லை. அதைப் படித்த அன்று நான் மத்தியானச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தேன். சர்க்கரைக்காரன் சாப்பாட்டை மறப்பது சாதாரணமா!

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தப் பதிவைப் படித்துவிட்டு, வளர்ச்சிக் குறைவுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசியைப் பேரப்பிள்ளைக்கு யாரும் நிறுத்திவிடாதீர்கள். அந்தக் குழந்தைகளுக்கு அது வரம். முன்பு செத்தவர்களின் மூளைச் சுரப்பியிலிருந்து இதை வடித்து எடுத்தார்கள். அதில் கலந்து வந்த கிருமிப் புரதத்தால் பல நாடுகளில் பிள்ளைகளுக்கு மூளை உருகும் நோய் வந்தது. பிரான்சில்தான் அதிகம், 100க்கும் மேற்பட்ட பிள்ளைகள் போய்விட்டார்கள். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் நம் புதுச்சேரிக் குடும்பங்களில் மூத்தவர்கள் சிலருக்கு அந்த வழக்கு பிரெஞ்சு டி.வி.யில் ஓடியது நினைவிருக்கலாம். 1985ல் பழைய முறையை நிறுத்தி, ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிரை வைத்துச் செய்யும் மருந்து வந்தது. அதன்பிறகு அந்த ஆபத்து இல்லை. ஐரோப்பாவில் 8 நாடுகளில் சிறு வயதில் இந்த மருந்து போட்டுக்கொண்ட சுமார் 24 ஆயிரம் பேரைத் தொடர்ந்து பார்த்ததில், முன்பே புற்று இருந்திராதவர்களுக்குப் பொதுவாகப் புற்றுநோய் கூடிவிடவில்லை என்றே 2017ல் சொன்னார்கள். இல்லாதவனுக்கு டாக்டர் அளந்து ஊற்றுவது வேறு. நிரம்பிய குடத்தில் ஒருவன் தானே பல மடங்கு ஊற்றிக்கொள்வது வேறு. அந்த மருந்தோடு வரும் தாளிலேயே, புற்றுநோய் உள்ளவருக்குப் போடக்கூடாது என்று அச்சடித்திருக்கும். தம்பியின் டப்பாவில் தாளும் இல்லை. குப்பிக்குள் இருந்தது அந்த மருந்துதானா என்பதற்கும் ஆதாரம் இல்லை.

இதில் பெரிய வேடிக்கை இன்னொன்று. 2008ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார், ஆரோக்கியமான இளவட்டங்களுக்கு இதைப் போட்டுப் பார்த்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். கொழுப்பு நீங்கலான எடை சராசரியாக 2 கிலோ கூடியிருந்தது. பலம் கூடவில்லை. அந்த 2 கிலோவிலும் நல்ல பங்கு உடம்பில் தேங்கிய நீராக இருக்கலாம் என்றார்கள். சம்பளத்தில் பாதி கொடுத்து நம் பையன் வாங்கியது அதைத்தான். ஜிம்காரர்கள் இதோடு நிறுத்துவதும் இல்லை. கூடவே ஸ்டீராய்டு சேர்ப்பார்கள். ஆண்மை ஹார்மோன் வகை ஸ்டீராய்டுகளை, மனிதருக்குப் புற்று உண்டாக்க வாய்ப்புள்ளவை என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1987லேயே வைத்துவிட்டது. கல்லீரல்தான் முதலில் அடி வாங்கும். தம்பி அது எடுக்கவில்லை என்கிறான். நம்புகிறேன். நம்பாமல் என்ன செய்வது?

2015 பொங்கலுக்கு வந்த 'ஐ' படத்தை இவன் பத்துத் தடவை பார்த்திருப்பான். எனக்குத் தெரிந்த ஆணழகன் வேறு ஒருவர். கல்கத்தாவின் மனோகர் ஐச். 4 அடி 11 அங்குலம்தான் உயரம். வெள்ளைக்கார அதிகாரியை அறைந்துவிட்டுச் சிறைக்குப் போனவர், அங்கே கருவி ஒன்றும் இல்லாமல் உடற்பயிற்சி செய்தே உடம்பை ஏற்றினார். 1952ல் மிஸ்டர் யுனிவர்ஸ். சோறு, பருப்பு, மீன், காய், பால். 2016ல் நூறு வயதைத் தாண்டித்தான் கண்ணை மூடினார். இதைச் சொன்னதற்குத் தம்பி, "அந்த உடம்பு இப்ப ஸ்டேஜ்ல நிக்காது மாமா" என்றான். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும்.

ஆனால் நான் சொன்ன ஈக்வடாரும் ஸ்டான்போர்டும் அவனை அசைக்கவில்லை. அவனை அசைத்தது அவன் விரல். வலது கை மோதிர விரலில் ஒரு பவுன் மோதிரம். அவன் ஆயா, அதாவது என் மாமியார், பிளஸ் டூ பாஸ் பண்ணியதற்குப் போட்டது. அதைச் சுற்றிச் சதை பிதுங்கிக்கொண்டு நின்றது. "கழற்றுடா" என்றேன். முடியவில்லை. சோப்பு போட்டுப் பார்த்தான், தேங்காய் எண்ணெய் விட்டான், நூல் சுற்றி இழுத்தோம். வரவில்லை. அப்போதுதான் மெதுவாகச் சொன்னான், காலையில் எழுந்தால் இரண்டு கையும் மரத்துப் போகிறது, பைக் ஹேண்டிலைப் பிடித்தால் விரலில் ஊசி குத்துகிறது என்று. பாகூரில் ஆசாரியிடம் போய் அறுத்துத்தான் எடுத்தோம். அறுக்கும்போது அவன் முகம் போன போக்கு எனக்கு மறக்காது. ஆயாவிடம் என்ன சொல்வது என்பதுதான் அவன் கவலை. என் கவலை வேறு.

என் மாமனார், அவன் தாத்தா, 1998ல் பெருங்குடல் புற்றில் போனார். 61 வயது. மலத்தில் ரத்தம் போவதை மூலம் என்று சொல்லிக்கொண்டு ஒரு வருடம் கருணைக்கிழங்கும் துத்திக் கீரையும் சாப்பிட்டார். கம்பவுண்டர் மாப்பிள்ளை வீட்டில் இருக்க, மாமனார் மருமகனிடம் வெட்கப்பட்டு அதைச் சொல்லவே இல்லை. கோரிமேட்டுக்கு, ஜிப்மருக்கு அழைத்துப் போனபோது கல்லீரலுக்குப் பரவியிருந்தது. கடைசி மூன்று மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் கிடந்தார். இன்றைக்குப் பிரிட்ஜ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில். தம்பிக்கு அவரைத் தெரியாது. அவன் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். போட்டோவில் மாலையோடு இருப்பவர், அவ்வளவுதான்.

அன்று ராத்திரி அவனை உட்கார வைத்து இதைச் சொன்னேன். ஆய்வு ஒன்றும் சொல்லவில்லை. தாத்தா எப்படிக் கிடந்தார், உன் அத்தை எப்படிக் குளிப்பாட்டினாள், அவ்வளவுதான். சிரிஞ்சு கொடுத்தவன் நான்தான் என்பதையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்.

"நீங்க ஏன் மாமா அழுவுறீங்க, விட்டுடறேன்" என்றான்.

நம் பகுதி மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஹார்மோன் டாக்டரிடம் அழைத்துப் போனேன். சின்ன வயது அம்மாள். திட்டவில்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை 118, எல்லையைத் தாண்டிவிட்டது. கை மரப்பது, நீர் கோத்து மணிக்கட்டில் நரம்பு நெரிவதால். நிறுத்தினால் சில வாரங்களில் சரியாகும் என்றார்கள். மூன்று மாதத்தில் குடலில் ஒன்றும் முளைத்திருக்காது, ஆனால் வருடக்கணக்கில் போயிருந்தால் உத்தரவாதம் சொல்ல மாட்டேன் என்றார்கள். மீதிக் குப்பிகளையும் சிரிஞ்சையும் அங்கேயே மருத்துவக் கழிவில் போடக் கொடுத்தோம். சாக்கடையில் கொட்டவோ, தெருக் குப்பையில் ஊசியைப் போடவோ எனக்கு மனம் வராது.

பிறகு அந்த அம்மாள் குடும்பத்தில் யாருக்காவது புற்று உண்டா என்று கேட்டார்கள். தாத்தாவைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"இவருக்கு அப்பா இருக்காரா? வயசு என்ன?"

"56."

"அவருக்கு எப்பவாவது கொலனோஸ்கோபி பண்ணியிருக்கீங்களா?"

பண்ணவில்லை. 1998லிருந்து இத்தனை வருடமாக அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. கம்பவுண்டரான நானும் கேட்கவில்லை. பெற்ற தகப்பனுக்குப் பெருங்குடல் புற்று வந்திருந்தால் பிள்ளைகளுக்கும் ஆபத்து கூடுதல், 40 வயதிலேயே பார்க்க ஆரம்பித்திருக்க வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் என்றால் என் மைத்துனர் மட்டுமா? என் வீட்டுக்காரம்மாவும்தான். அவளுக்கு 63. பஸ்ஸில் திரும்பி வரும்போது நானும் தம்பியும் தவளக்குப்பம் தாண்டும்வரை பேசிக்கொள்ளவில்லை.

வீட்டுக்காரம்மா சொன்னவுடன் சரி என்றாள். போன வாரம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. மைத்துனர்தான் பிடி கொடுக்கவில்லை. "எனக்கு இன்னா, கல்லு மாதிரி இருக்கேன். மாடு கண்ணு போடட்டும் பாக்கலாம்" என்றார். மாடு கன்று போட்டது. "சம்பா அறுப்பு முடியட்டும்" என்றார். கடைசியில் தம்பிதான் ஒரு வழி பண்ணினான். "நீ வந்து டெஸ்ட் எடுத்துக்கோ, நான் ஊசி பக்கமே போக மாட்டேன். நீ வரலன்னா நான் சொன்னதும் செல்லாது" என்று அப்பாவிடம் பேரம் பேசியிருக்கிறான். இது எங்கே கற்றுக்கொண்ட நியாயமோ! அவர் வருகிற செவ்வாய்க்கிழமைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார்.

ஜிம்முக்கு இன்னமும் போகிறான். போகட்டும். மோதிரம் ஒட்டி வந்துவிட்டது. இப்போது கொஞ்சம் லூசாகவே இருக்கிறது என்று நூல் சுற்றிப் போட்டிருக்கிறான். நேற்றுச் சாயந்திரம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை அப்பாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான். முதல் நாள் கஞ்சித் தண்ணீர், இளநீர்தான், கீரை கூடாது, கொட்டை உள்ள பழம் கூடாது, பேதி மருந்தை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். "ரெண்டு லிட்டரா? மாட்டுக்குக்கூட அவ்ளோ குடுக்க மாட்டாங்கடா" என்று மைத்துனர் கத்தியது எங்கள் தெரு வரைக்கும் கேட்டது.